விளையாட்டுச் சாமான் வீட்டில் நிலைக்க வேண்டுமா?



தோட்டத்தில் தேர்த் திருவிழா வந்தால் கோயில் வாசலில் கடை போடுவார்கள். பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும். "அந்தக் காரு வேணும், அந்தப் பொம்ம வேணும்" என்று அழும். மனசு கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிடுவோம். தீபாவளி முற்பணம் எடுத்த கையோடு அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை கடைத்தெருவுக்குப் போனாலும் இதே கதைதான். வாங்கி இரண்டு கிழமை போகட்டும். காரில் சக்கரம் இருக்காது. பொம்மைக்கு ஒரு கை இருக்காது. கட்டைப் பெட்டியில் பாதிக் கட்டை கட்டிலுக்கு அடியில், மீதி வாசல் கானில் கிடக்கும். பிறகு, "இந்தப் புள்ளைக்கு எத வாங்கிக் குடுத்தாலும் ஒடச்சிப் போடுது" என்று ஏச்சு.

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு அரைப் பேர்ச் சம்பளம் போகிற நேரமும் உண்டு. மழையிலும் வெயிலிலும் மலையில் நின்று கொழுந்து எடுத்த காசு அது. அந்தக் காசு கானில் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் காசு மட்டும் விஷயமில்லை. உடைந்த துண்டு தவழும் பிள்ளையின் வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே விளையாட்டுச் சாமானைச் சுத்தமாக, முழுசாக, உடையாமல் வைத்திருப்பது எப்படி என்று இம்முறை விளக்குகிறோம்.

"விளையாட்டுதானே, அதுக்கு இவ்வளவு பேச்சா?" என்று நினைக்க வேண்டாம். விளையாடுவது பிள்ளையின் உரிமை. ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. இலங்கையும் 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. பிள்ளை கட்டை அடுக்கும்போது கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யப் பழகுகின்றன. பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது பேச்சு வளர்கிறது.

ஏன் உடைகிறது?

பிள்ளை வேண்டுமென்று உடைப்பது குறைவு. வயசுக்கு ஏற்ற வேலையைத்தான் அது செய்கிறது.

ஒரு வயசுக்குள் எதை எடுத்தாலும் வாயில் வைக்கும். அதற்குக் கண்ணைவிட வாய்தான் அப்போது படிப்பிக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயசில் தட்டும், வீசும், கீழே போடும். போட்டால் என்ன சத்தம் வருகிறது, எங்கே உருண்டு போகிறது என்று பார்க்கும். மூன்று வயசில் கழற்றும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் அதற்கு.

ஆகவே வீசுகிற வயசில் மெல்லிய பிளாஸ்டிக் காரைக் கொடுத்தால் அது உடையத்தான் செய்யும். அந்த வயசுக்குத் துணிப்பந்து, மரக்கட்டை, தடித்த பிளாஸ்டிக் கோப்பை போதும். சின்னச் சக்கரமும் சாவியும் உள்ள சாமான் நாலைந்து வயசுக்கு ஆகும்.

இன்னொரு காரணம் நமது வீட்டு இடம். பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில்தான் இருக்கும். அதற்குள்ளேயே கட்டில், பெட்டி, உடுப்பு, புத்தகம் எல்லாம். தரையில் கிடக்கும் சாமானை இருட்டில் யாராவது மிதித்துவிடுகிறார்கள். வீட்டில் உடைகிற சாமானில் பெரியவர்கள் காலால் உடைவதும் கொஞ்ச நஞ்சமில்லை. பிள்ளையை ஏசுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, வைக்கும் இடம். அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் சூட்டில் வளைந்து போகும், புகையும் படியும். நாள்கணக்காக வெயிலில் கிடந்தால் வெளுத்து, அப்பளம் மாதிரி நொறுங்கும். ஈரத்தில் கிடந்தால் துணிப்பொம்மை பூஞ்சணம் பிடிக்கும், ஆணி துருப்பிடிக்கும்.

கொஞ்சம் வெளியே, மீதி உள்ளே

வீட்டில் எட்டுச் சாமான் இருந்தால் எட்டையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கொடுக்க வேண்டாம். மூன்று நான்கை மட்டும் கொடுங்கள். மற்றதைக் கட்டி வையுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து மாற்றுங்கள். மறந்துபோன சாமான் திரும்ப வரும்போது பிள்ளைக்கு அது புதுச்சாமான்.

இது வெறும் சிக்கன யோசனை இல்லை. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். ஒன்றரை வயசிலிருந்து இரண்டரை வயசு வரையுள்ள 36 பிள்ளைகளை ஒரு தடவை 4 சாமானோடும் இன்னொரு தடவை 16 சாமானோடும் விளையாட விட்டார்கள். 4 சாமான் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள், ஒரே சாமானைப் பல விதமாக வைத்து விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவினார்கள்.

"எங்க புள்ளைக்கு நெறையா வாங்கிக் குடுக்க முடியல" என்று கவலைப்படும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். நாலு நல்ல சாமான் போதும். சாமான் குறைந்தால் மிதிபடுவதும் குறையும், பொறுக்கி வைப்பதும் சுலபம்.

எதில் வைப்பது?

அலுமாரி வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடைப்பதே போதும்.

கார்ட்போட் பெட்டி ஒன்றை எடுத்து, கட்டிலுக்கு அடியில் போகிற உயரத்துக்கு வெட்டுங்கள். முன்னால் ஒரு கயிற்றுப் பிடி போட்டால் பிள்ளையே இழுத்து எடுக்கும். தரை ஈரமாக இருந்தால் அடியில் இரண்டு பலகைத் துண்டு வையுங்கள்.

பழைய சாரம், பழைய சட்டைத் துணியில் சுருக்குப்பை தைத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டலாம். கட்டைக்கு ஒரு பை, பொம்மைக்கு ஒரு பை. கயிறு நீளமாகத் தொங்கக் கூடாது. பிள்ளையின் கழுத்தில் சுற்றிவிடும். ஒரு சாணுக்கு மேல் தொங்கும் கயிற்றை வெட்டிவிடுங்கள்.

பால்மா டின்னும் நல்லதுதான். விளிம்பு கையை வெட்டுமா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெட்டினால் துணி ஒட்டுங்கள், அல்லது வேண்டாம்.

எழுத்துத் தெரியாத பிள்ளைக்காகப் பையின் மேல் அல்லது பெட்டியின் மேல் படம் வரையுங்கள். காருக்குக் கார்ப் படம், கட்டைக்குக் கட்டைப் படம். பள்ளிக்கூடம் போகிற அக்காவோ அண்ணனோ கலர் பென்சிலால் வரைந்து கொடுக்கட்டும். எது எங்கே போக வேண்டும் என்று சின்னதுக்கும் விளங்கும்.

செய்யக் கூடாதவை சில உண்டு.

மருந்து அடிக்கும் போத்தல், கேன், உரப்பை எதையும் விளையாட்டுக்கோ சாமான் போட்டு வைக்கவோ எடுக்க வேண்டாம். "நல்லா கழுவிட்டேன்" என்றாலும் வேண்டாம். நஞ்சு பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், கழுவினாலும் முழுசாகப் போகாது.

பொலித்தீன் பையில் போட்டுத் தரையில் வைக்க வேண்டாம். பிள்ளை தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

பாரமான மூடியுள்ள டிரங்குப் பெட்டி வேண்டாம். மூடி விழுந்து கை நசுங்கும்.

அடுப்புக்கு மேலே, உயரமான தட்டிலே வைக்க வேண்டாம். பிள்ளை எட்டி எடுக்கப் பார்க்கும். தட்டும் சேர்ந்து விழும், சுடுதண்ணியும் கொட்டும்.

துண்டு துண்டாக உள்ள சாமான்கள்

கட்டை, படம் பொருத்தும் அட்டை, சமையல் செட்டு, எழுத்து அட்டை இவையெல்லாம் ஒரு துண்டு போனாலும் பயன் குறைந்துவிடும். இவற்றை வாங்கிய அன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள்.

முதலாவது, எண்ணுங்கள். பன்னிரண்டு கட்டை என்றால் பையின் மேல் 12 என்று எழுதுங்கள்.

இரண்டாவது, அடையாளம் போடுங்கள். ஒரு படத்தின் துண்டுகள் எல்லாவற்றின் பின்பக்கமும் ஒரே குறி இருக்கட்டும். இன்னொரு படத்துக்கு வேறு குறி. இரண்டும் கலந்தாலும் பிரித்துவிடலாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் சாமானோடு கலந்தாலும் சண்டை வராது.

மூன்றாவது, விரிப்பு ஒன்று வையுங்கள். பழைய படுக்கை விரிப்பையோ அரிசிச் சாக்கையோ தரையில் விரித்து, "இதுக்கு மேலதான் வெளயாடணும்" என்று பழக்குங்கள். முடிந்ததும் நாலு மூலையையும் தூக்கினால் எல்லாம் நடுவில் வந்துவிடும். அப்படியே பைக்குள் கொட்டலாம். ஒரு துண்டும் கட்டிலுக்கு அடியில் போகாது.

எடுத்து வைக்கும்போது பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள். ஒன்று, ரெண்டு, மூணு என்று நாளும் எண்ணினால் பாலர் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைக்கு எண் தெரிந்திருக்கும். துண்டு குறைந்தால் அன்றைக்கே தேடுங்கள். நாளைக்கென்றால் கூட்டுமாற்றோடு போய்விடும்.

பிள்ளையை எப்படிப் பழக்குவது?

தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது களைத்துப்போய் இருப்பாள். அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், தண்ணி பிடிக்க வேண்டும். வீடெல்லாம் சாமான் பரவிக் கிடந்தால் கோபம் வரும். "எல்லாத்தையும் அள்ளி அடுப்புல போட்டுருவேன்!" என்று கத்துவதும் உண்டு. இதனால் பிள்ளை பயப்படுமே தவிர, அடுக்கப் பழகாது. மிரட்டியபடி செய்யாவிட்டால் அடுத்த தடவை பயமும் இராது.

அதற்குப் பதில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாமி விளக்கு வைக்கும் நேரம் எல்லா வீட்டிலும் தெரிந்த நேரம். "வெளக்கு வைக்கப் போறோம், வாங்க சாமானெல்லாம் எடுத்து வைப்போம்" என்று நாளும் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், "இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று அறிவித்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வரும், பிள்ளைக்கு வராதா?

ஒன்றரை வயசுப் பிள்ளை ஒரு சாமானை டின்னுக்குள் போடப் பழகும். அது போதும். இரண்டு மூன்று வயசில் கூட நின்று செய்தால் எல்லாவற்றையும் போடும். நாலு வயசில் எது எந்தப் பைக்கு என்று பிரிக்கும். ஐந்து வயசில் தானாகச் செய்யும், ஆனாலும் ஞாபகப்படுத்த வேண்டும்.

"சுத்தம் பண்ணு" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கு விளங்காது. "காரையெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள போடு" என்று சொன்னால் விளங்கும். "பஸ்ஸெல்லாம் டிப்போவுக்குப் போகுது" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே செய்யும். முடிந்ததும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். ரொபி கொடுத்துப் பழக்க வேண்டாம். பிறகு ரொபி இல்லாவிட்டால் கை அசையாது.

பெரிய பிள்ளையின் சாமானைச் சின்னது பிய்த்துவிட்டால், "நீ பெரியவன்தானே, விட்டுக் குடு" என்றே எப்போதும் சொல்லக் கூடாது. பெரியதற்கென்று ஒரு பை, சின்னதின் கைக்கு எட்டாத ஆணியில் இருக்கட்டும். தன்னுடையது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதைப் பகிர்ந்துகொள்ளும்.

இது தாயின் வேலை மட்டுமல்ல. தகப்பனும் மாலையில் பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து சேர்ந்து எடுத்து வைக்கலாம். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே மாதிரிப் பழக வேண்டும். தங்கச்சிதான் பொறுக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

கழுவுவதும் காய வைப்பதும்

வாயில் வைக்கிற சாமானில் எச்சிலும் மண்ணும் படியும். வயிற்றோட்டமும் பூச்சியும் இப்படியும் வரும். பிளாஸ்டிக் சாமானைக் கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரத் தண்ணியில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் என்றால் நாளும் கழுவ வேண்டும். பற்றரி போட்ட சாமானைத் தண்ணியில் முக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மரச்சாமானையும் ஊற வைக்க வேண்டாம், வெடித்துவிடும்.

துணிப்பொம்மையைத் துவைத்து, நன்றாகப் பிழிந்து, வெயில் கிடைக்கிற நாளில் உள்பக்கம் வரை காய விடுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழை மாதங்களில் வெயில் வராத பக்கத்துத் தோட்டங்களில் துணிப்பொம்மையைக் குறைத்துக்கொள்வதே நல்லது. சளி, இழைப்பு உள்ள பிள்ளைக்குப் பூஞ்சண வாடை ஆகாது.

வாசலில் போட்ட கோப்பை, வண்டி, யோகட் கப் எல்லாம் மழைத்தண்ணி பிடிக்கும். இரத்தினபுரி, கேகாலை, மாத்தளைப் பக்கம் போல சூடான இடங்களில் அந்தத் தண்ணி டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள்தான் எடுக்கும். முட்டை தண்ணி வற்றினாலும் ஓரத்தில் மாதக்கணக்காக ஒட்டியிருக்கும். ஆகவே தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். மாலையில் சாமானை உள்ளே எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

திருத்தலாமா, எறியலாமா?

கொஞ்சம் உடைந்ததும் எறிய வேண்டாம். பொம்மையின் கை கழன்றால் பழைய பாவாடை இலாஸ்டிக்கை இரண்டு கைத்துளைக்குள்ளும் கோர்த்து இறுக்கி முடிச்சுப் போடலாம். துணிப்பொம்மை பிரிந்தால் இரட்டை நூலால் தையுங்கள். கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். காரின் அச்சு போனால் உடைந்த குடைக்கம்பித் துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் வளைத்துச் சக்கரத்துக்குள் மறையுங்கள். மரச்சாமான் சிலாம்பு எடுத்தால் உப்புத்தாள் தேயுங்கள். உடனே ஒட்டும் பசை பாவித்தால் பிள்ளை தூங்கும் நேரத்தில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு கொடுங்கள். பற்றரிச் சாமான் விளையாடாத நாளில் பற்றரியைக் கழற்றி வையுங்கள், ஒழுகி உள்ளே அரிக்கும்.

கூராக உடைந்த பிளாஸ்டிக், வர்ணம் உரிகிற பழைய சாமான், பற்றரி மூடி நிற்காத சாமான் இவற்றைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடைந்த பிளாஸ்டிக்கை அடுப்பில் போட்டு எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குக் கெடுதி.

உயிர் ஆபத்து: இதைக் கட்டாயம் வாசியுங்கள்

மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளைக்குச் சின்னத் துண்டு தொண்டையில் சிக்கும். எது சின்னது? அமெரிக்காவில் 1980 முதல் ஒரு சட்ட அளவு உண்டு. ஏறக்குறைய 3.2 சென்றிமீற்றர் அகலமான குழாய்க்குள் அடங்குகிற துண்டு எதுவும் அந்த வயசுப் பிள்ளையின் சாமானில் இருக்கக் கூடாது.

வீட்டில் இப்படி அளக்கலாம். தடித்த தாளில் 11 சென்றிமீற்றர் நீளத் துண்டு வெட்டுங்கள். இரண்டு முனையும் ஒரு சென்றிமீற்றர் மேலே படியும்படி வளையமாக ஒட்டுங்கள். இந்த வளையத்துக்குள் நுழைகிற சக்கரம், கட்டை, பொத்தான், மாபிள், புளியங்கொட்டை எல்லாம் ஆபத்து. பந்து என்றால் இதைவிடப் பெரிசாக, குறுக்களவு நாலரைச் சென்றிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். வெடித்த பலூன் துண்டையும் உடனே பொறுக்கி எறியுங்கள்.

தொண்டையில் ஏதும் சிக்கினால், பிள்ளை இருமினால் இரும விடுங்கள். இருமவும் அழவும் முடியாவிட்டால் உடனே செயல்பட வேண்டும். ஒரு வயசுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டு. சரிவராவிட்டால் திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. ஒரு வயசுக்கு மேல் என்றால் முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேட வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும். மற்றவர் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கட்டும். பிள்ளை மயங்கினால் தரையில் கிடத்தி, 1990இல் பேசுகிறவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

லைட் எரிகிற, பாட்டுப் பாடுகிற மலிவுச் சாமான்களில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டப் பற்றரி இருக்கும். பிள்ளை விழுங்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை வேக வைத்துவிடலாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், "நாளைக்கு வெளிக்குப் போகும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். காந்தத் துண்டு விழுங்கினாலும் இதேதான். இரண்டு காந்தம் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும்.

பிள்ளை மடுவத்துச் சாமானும் நமது சாமான்தான்

மடுவத்தில் இருக்கும் சாமான் எல்லாப் பிள்ளைக்கும் பொது. பிள்ளையின் பையில் ஒரு கட்டை வீட்டுக்கு வந்துவிட்டால் ஏசாமல் மறுநாள் பிள்ளையின் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சாமானை மாறி மாறிப் பாவிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 1935இல் அமெரிக்காவில் மக்கள் வேலையில்லாமல் கஷ்டப்பட்ட காலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் புத்தகம் இரவல் கொடுப்பது போல விளையாட்டுச் சாமானை இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் எடுத்துப்போய் விளையாடி, உடையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு லயத்தில் நாலு வீடு சேர்ந்தாலும் இதைச் செய்யலாம். இந்தக் கிழமை உங்கள் வண்டி பக்கத்து வீட்டில், அவர்கள் கட்டை உங்கள் வீட்டில். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்

1. எல்லாச் சாமானையும் விரிப்பில் கொட்டி எண்ணுங்கள்.
2. ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். ஆடுகிற சக்கரம், பிரிந்த தையல், தளர்ந்த மூடி இருந்தால் தனியே வையுங்கள்.
3. கழுவ வேண்டியதைக் கழுவுங்கள்.
4. திருத்தக் கூடியதைத் திருத்துங்கள், ஆபத்தானதை எறியுங்கள்.
5. இந்தக் கிழமைக்கு நாலு சாமானைப் பிள்ளையையே தெரிவு செய்ய விடுங்கள். மீதியைக் கட்டி வையுங்கள்.

இதைச் சுவரில் ஒட்டிவைத்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எழுத வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாகத் தொண்டையில் சிக்கினால் செய்ய வேண்டியதை, பகலில் பிள்ளையோடு இருக்கும் அப்பாயிக்கும் அம்மாயிக்கும் செய்தே காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மடுவத்துப் பொறுப்பாளரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.